நரம்பின் ஆகாரம்

இடுப்புக்கு நேரே, முதுகெலும்பின் ஓரத்தில், ஊசி முனையிலும் சிறியதான ஓர் உயிரணு இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் இழை ஒன்று தொடையையும் முழங்காலையும் கடந்து, பாதத்தில் இறங்கி, கட்டைவிரலின் தோலில் போய் முடிகிறது. வளர்ந்த மனிதனிடத்தில் அந்த இழையின் நீளம் ஏறக்குறைய 1 மீட்டர். கட்டைவிரலில் முள் தைத்தால் அந்தச் சேதி மேலே போவது இந்த வழியாகத்தான். தன் பருமனைப்போல் பல்லாயிரம் மடங்கு நீளமுள்ள கிளையைத் தாங்கிக்கொண்டு, அழிந்தால் தன் ஸ்தானத்துக்கு வேறோர் அணு பிறந்து வரும் என்ற உறுதியும் இல்லாமல், எழுபது எண்பது ஆண்டுகள் வாழவேண்டிய இந்த அணுவைப் போஷிப்பது எது, அதன் ஜீவனைக் காப்பது எது, முதுமையிலும் நோயிலும் அது பட்டுப்போவதற்குக் காரணம் என்ன என்பவை நரம்பியல் சாஸ்திரத்தின் மூலாதாரமான வினாக்கள்.

இவற்றுக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிடைத்த விடை எவரும் எதிர்பாராதது. நரம்பணு, தான் சென்று சேர்ந்த இடத்திலிருந்தே தன் உயிருக்கு ஆதாரமான பொருளைப் பெறுகிறது என்பதே அந்த விடை. அவ்வகைப் பொருள்களில் முதலாவதாகக் கண்டறியப்பட்டதற்கு நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயர். அதைக் கண்டறிந்த இருவருக்கு 1986-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அல்சைமர் மறதிநோய், பார்க்கின்சன் நடுக்கநோய், நீரிழிவினால் வரும் நரம்புச் சிதைவு ஆகிய கொடிய வியாதிகளுக்கெல்லாம் இத்தகைய காரணிகளே மருந்தாகும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் வைத்திய உலகெங்கும் பரவிற்று. அந்த நம்பிக்கையில் பெரும்பகுதி பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்று ஆராய்ந்தபோதுதான் அப்பொருளின் சுபாவம் உள்ளபடி விளங்கலாயிற்று. ஆகையால் கண்டுபிடிப்பின் வரலாற்றோடு தோல்விகளின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வதே முறை.

படுக்கையறை ஆய்வுக்கூடம்

இத்தாலி நாட்டின் டூரின் நகரில் 1909-ஆம் ஆண்டு ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த ரீட்டா லெவி-மொன்டால்சினி, பெண்கள் உத்தியோகத்துக்கென்று படிப்பதைத் தந்தை விரும்பாத போதிலும், பிடிவாதமாக அவருடைய சம்மதத்தைப் பெற்று, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1936-இல் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தவர் ஜுசெப்பே லெவி என்ற உடற்கூற்றியல் பேராசிரியர். அவரிடம் அதே காலத்தில் பயின்ற சால்வடோர் லூரியாவும் ரெனாட்டோ டுல்பெக்கோவும்கூடப் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றார்கள் என்றால், அந்த ஆசிரியரின் பெருமையைத் தனியே எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1938-இல் முசோலினியின் அரசாங்கம் இனச் சட்டங்களைப் பிறப்பித்து, யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து விலக்கியது. சிறிது காலம் பெல்ஜியத்தில் தங்கி ஆராய்ச்சி செய்த ரீட்டா, 1940-இல் ஜெர்மானியப் படை அந்நாட்டில் புகுவதற்கு முன்பே ஊர் திரும்பி, வெளியுலகில் தமக்கு மறுக்கப்பட்ட ஆய்வுக்கூடத்தைத் தம் படுக்கையறையிலேயே நிறுவிக்கொண்டார். தையல் ஊசிகளைத் தீட்டி நுண்ணிய கத்திகளாக்கினார். கடிகாரம் செப்பனிடுவோர் கையாளும் சிறு இடுக்கி ஒன்றைச் சம்பாதித்துக்கொண்டார். எங்கும் எளிதாகக் கிடைக்கக்கூடிய கோழிமுட்டைக் கருவையே பரிசோதனைப் பொருளாக வைத்துக்கொண்டார். பதவி பறிக்கப்பட்ட ஜுசெப்பே லெவியும் அந்த அறைக்கு வந்து, தம் மாணவியின் துணைவராக அமர்ந்து வேலை செய்தார். டூரினில் குண்டுவீச்சு மிகுந்தபோது குடும்பம் நாட்டுப்புறத்துக்குக் குடிபெயர்ந்தது. நுண்ணோக்கியும் முட்டை அடைகாக்கும் பெட்டியும் கூடவே சென்றன. பஞ்சகாலமாகையால், ஆராய்ச்சி முடிந்த முட்டைகளில் எஞ்சியது வீட்டுச் சமையலுக்குப் பயன்பட்டது.

அவரை இந்த வழியில் செலுத்தியது, ஜெர்மானிய விஞ்ஞானியான விக்டர் ஹாம்பர்கர் 1934-இல் பிரசுரித்த ஒரு கட்டுரை. கோழிக் கருவில் இறக்கையாக வளரவேண்டிய மொட்டை வெட்டி நீக்கிவிட்டால், அந்த இறக்கைக்குச் செல்லவேண்டிய நரம்பணுக்கள் முதுகுத்தண்டில் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன என்று அவர் கண்டிருந்தார். நரம்பணுக்களை உண்டாகச் செய்யும் தூண்டுதல் இறக்கையிலிருந்து வருகிறது, இறக்கை இல்லையேல் தூண்டுதலும் இல்லை, ஆதலால் அணுக்கள் பிறப்பதே இல்லை என்பது அவருடைய வியாக்கியானம். ரீட்டா அதே பரிசோதனையைச் செய்து, கருக்களை நாள்வாரியாக எடுத்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, வெள்ளி உப்பினால் சாயமேற்றி, அணுக்களை எண்ணிக்கொண்டே வந்தார். அவர் கண்டது வேறு: அணுக்கள் குறைவின்றிப் பிறக்கின்றன, இழை விட்டு, இறக்கை இருக்கவேண்டிய திசையை நோக்கிப் புறப்பட்டும் போகின்றன, போன இடத்தில் எதுவும் இல்லாமையால் மடிகின்றன. ஆகவே அவயவம் நரம்புக்குத் தருவது பிறப்பன்று, பிழைப்பு.

யூதர்களின் கட்டுரையை இத்தாலியில் பிரசுரிக்க இயலாத அந்நாளில், பெல்ஜியத்துப் பத்திரிகை ஒன்றில் இது அச்சேறிற்று. 1943-இல் ஜெர்மானியப் படை இத்தாலியையும் ஆக்கிரமித்தபோது, ரீட்டாவின் குடும்பம் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் பொய்ப் பெயரில் மறைந்து உயிர் தப்பியது. யுத்தம் ஓய்ந்த பிறகு, நாஜிகளின் சட்டத்தால் தாயகத்துப் பதவியை இழந்து அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஹாம்பர்கர், தம் கருத்தை மறுத்த அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, எழுதியவரையே தம்மிடம் வரும்படி அழைத்தார். சில மாதங்கள் தங்கும் உத்தேசத்துடன் 1947-இல் கப்பலேறிய ரீட்டா, முப்பது ஆண்டுகள் அந்த ஸ்தாபனத்தோடு தொடர்பு கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து, அறுவை எதுவும் செய்யப்படாத கருவிலுங்கூட நரம்பணுக்கள் மிகுதியாகப் பிறந்து, பின்பு கூட்டம் கூட்டமாக மடிவதை 1949-இல் நிரூபித்தார்கள். பல இடங்களில் பிறப்பவற்றில் ஏறக்குறையப் பாதி இவ்விதம் கழிந்துபோகிறது. சென்று சேரும் இடத்தில் கிடைக்கும் போஷணை அளவானது. அதைப் பெற்றவை பிழைக்கின்றன, பெறாதவை மடிகின்றன. எத்தனை தசைக்கு எத்தனை நரம்பு என்ற கணக்கை இயற்கை தீர்த்துக்கொள்ளும் முறை இதுவே.

கட்டியும் விஷமும் உமிழ்நீரும்

அந்தப் போஷணை ஒரு பொருளாக இருக்குமானால் அதைக் கையில் பிடிப்பது எப்படி? வழி தற்செயலாகத் திறந்தது. ஹாம்பர்கரின் பழைய மாணவரான எல்மர் பியூக்கர், எலியின் புற்றுக்கட்டி ஒன்றைக் கோழிக் கருவில் ஒட்டவைத்தபோது, கருவின் நரம்பிழைகள் அந்தக் கட்டிக்குள் புகுந்து செழித்ததை 1948-இல் எழுதியிருந்தார். ரீட்டா அதைத் திரும்பச் செய்து பார்த்தார். நம் சித்தத்துக்கு உட்படாமல் இருதயத்தையும் இரத்தக்குழாய்களையும் ஆளும் பரிவு நரம்புகள் கட்டிக்குள் காடாக மண்டியதோடு, கட்டிக்குத் தொலைவிலிருந்த உறுப்புகளிலும் தாறுமாறாக நுழைந்திருந்தன. கட்டியைக் கருவுக்கு வெளியே, முட்டையின் உள்சவ்வின்மேல் வைத்தபோதும் அதே விளைவு. இரத்தத்தில் கரைந்து செல்லும் ஏதோ ஒரு திரவியம் கட்டியிலிருந்து சுரக்கிறது என்று அவர் துணிந்தார்.

1952-இல், கட்டி வளர்ந்த எலிகள் இரண்டைத் தம்முடன் விமானத்தில் எடுத்துக்கொண்டு, திசு வளர்ப்பில் தேர்ந்த ஹெர்த்தா மேயர் என்ற தம் சிநேகிதியின் ஆய்வுக்கூடத்தை நாடி அவர் ரியோ டி ஜெனிரோவுக்குச் சென்றார். அங்கே கண்ணாடித் தகட்டில் ஒரு நரம்பு முடிச்சையும் அதன் அருகே கட்டியின் துணுக்கு ஒன்றையும் வைத்தபோது, ஒரு நாளுக்குள்ளாகவே முடிச்சைச் சுற்றி நரம்பிழைகள் ஒளிவட்டம்போல் நாற்புறமும் கிளம்பின. அதன் பிறகு, ஒரு திரவத்தில் அப்பொருள் உண்டா இல்லையா என்று அறிய நெடுநாள் காத்திருக்கும் அவசியம் இல்லாமற்போயிற்று.

அடுத்த ஆண்டில் ஸ்டான்லி கோஹன் என்ற இரசாயன சாஸ்திரி வந்து சேர்ந்தார். கட்டிச் சாற்றில் செயற்படுவது புரதமா, நியூக்ளிக் அமிலமா என்று தீர்மானிக்க, அமிலத்தைச் சிதைக்கும் என்சைம் நிறைந்த பாம்பின் விஷத்தை அதில் சிறிது கலந்தார். அமிலம் சிதைந்தால் வீரியம் குறையலாம் என்பது எதிர்பார்ப்பு. நரம்பிழைகளோ முன்னிலும் பன்மடங்கு அடர்த்தியாக வளர்ந்தன. சோதித்துப் பார்த்ததில், அப்பொருள் விஷத்திலேயே கட்டியில் இருப்பதைக் காட்டிலும் வெகு அதிகமாக நிறைந்திருந்தது. விஷப்பையும் ஒருவகை உமிழ்நீர்ச் சுரப்பியே ஆதலால், மற்றப் பிராணிகளின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அது இருக்கக்கூடும் என்று ஊகித்த கோஹன், ஆண் எலியின் தாடைக்கீழ்ச் சுரப்பியில் அதை அபரிமிதமாகக் கண்டார். அந்தப் புரதத்துக்கு எதிரான சீரத்தை அப்போது பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, மற்ற உறுப்புகளுக்கு ஊறின்றிப் பரிவு நரம்பு முடிச்சுகள் மட்டும் ஏறக்குறைய முழுவதுமாக மறைந்தன. பொருளைக் கொடுத்தால் நரம்பு வளர்கிறது, எடுத்தால் மடிகிறது என்ற இருபுறச் சாட்சியமும் இவ்வாறு கிடைத்துவிட்டது. 1971-இல் அப்புரதம் 118 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி என்று அதன் வரிசையும் தெரியவந்தது. 1986-இல் ரீட்டாவும் கோஹனும் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, ஹாம்பர்கர் விடுபட்டது நியாயந்தானா என்ற விவாதம் எழுந்து நெடுநாள் நீடித்தது.

கடைமடையிலிருந்து தலைமடைக்கு

பிற்கால ஆராய்ச்சிகள் இந்தக் காரணி வேலை செய்யும் முறையைத் தெளிவாக்கின. தோலும் தசையும் மற்ற உறுப்புகளும் அதை மிகச் சிறு அளவில் சுரக்கின்றன. நரம்பிழையின் நுனியில் ட்ரக்-ஏ என்ற ஏற்பி காத்திருக்கிறது. காரணி வந்து அதைப் பற்றியவுடன், இரண்டும் சேர்ந்து ஒரு நுண்ணிய பைக்குள் அடங்கி, இழையின் உட்புறத்துத் தடங்களின் வழியே அணுவின் உடலை நோக்கிப் பயணம் செய்கின்றன. கால் விரலிலிருந்து இடுப்பு வரையுங்கூட இந்தப் பயணம் நடக்கவேண்டும். அணுவின் உடலைச் சேர்ந்தபின், அங்கே மரபணுக்கள் தூண்டப்பட்டு, 'இன்னும் வாழலாம்' என்ற உத்தரவு பிறக்கிறது. ஆற்றுப் பாசனத்தில் தலைமடையிலிருந்து கடைமடைக்குத் தண்ணீர் பாயும். இங்கோ கடைமடை வயலே தலைமடையைப் போஷித்துக் காப்பாற்றுகிறது.

இதே புரதம் முதிர்ச்சியடையாத முன்வடிவில் இருக்கும்போது, பி75 என்ற மற்றோர் ஏற்பியைப் பற்றி, அணுவை மரணத்துக்கு உள்ளாக்க வல்லது என்பதை நியூயார்க்கில் பார்பரா ஹெம்ப்ஸ்டெட் முதலியோர் 2001-இல் காட்டினார்கள். காப்பதும் கொல்வதும் ஒரே பொருளின் இரு வடிவங்கள் என்றால், அதை மருந்தாகக் கையாள்வது எத்தனை சூட்சுமமான காரியம் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மேலும், எல்லா நரம்புகளுக்கும் ஒரே ஆகாரம் அன்று. ஜெர்மனியின் மியூனிக் நகரத்தையொட்டி ஆராய்ச்சி செய்த ஈவ்-அலன் பார்டும் ஹான்ஸ் தோனனும் 1.5 கிலோ பன்றி மூளையிலிருந்து 1 மைக்ரோகிராம் அளவே பிரித்தெடுத்த மற்றொரு காரணி, 1982-இல் வெளிப்பட்டது. அதன் பெயர் பி.டி.என்.எஃப். நினைவைப் பதியவைக்கும் வேலையில் அதற்குப் பெரும் பங்குண்டு. மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் சுரக்கும் அணுக்களைக் காப்பதாக 1993-இல் அறியப்பட்டது ஜி.டி.என்.எஃப். என்ற வேறொரு குடும்பத்துக் காரணி. பரிவு நரம்புகளும், வலியை உணர்த்தும் நரம்புகளும், நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் அணுக்களும் ரீட்டா கண்ட முதற்காரணியை நம்பி வாழ்பவை.

நோய்களின் முன்னே

அல்சைமர் நோயில் முதலில் சிதையும் பகுதிகளுள் ஒன்று முன்மூளையின் அடித்தளத்திலுள்ள அசிட்டைல்கோலின் அணுக்கூட்டம். பார்க்கின்சன் நோயில் சிதைபவை டோபமைன் அணுக்கள். நெடுநாள் நீரிழிவில் பட்டுப்போகின்றவை பாதத்தின் உணர்வு நரம்புகள். ஒவ்வொன்றுக்கும் உரிய காரணியும் கையில் இருக்கிறது. இழை அறுந்து மடியவேண்டிய எலியின் மூளையணுக்கள், காரணியைச் செலுத்தியதும் பிழைத்துக்கொண்டதை 1980-களிலேயே கண்டாயிற்று. மனிதனுக்குக் கொடுப்பதுதான் பாக்கி என்று தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் புரதத்தை விழுங்கினால் ஜீரணமாகிவிடும். இரத்தத்தில் செலுத்தினால் மூளையைக் காக்கும் தடுப்பு அதை உள்ளே விடாது. ஆகையால் 1991-இல் ஸ்வீடனில், ஓர் அல்சைமர் நோயாளியின் மூளையின் உள்ளறைத் திரவத்திலேயே குழாய் வழியாக நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சொட்டவிட்டுப் பார்த்தார்கள். பின்னர் மேலும் இருவருக்கும் அந்தச் சிகிச்சை நடந்தது. மருந்து திரவமெங்கும் பரவி, அது சேரக்கூடாத நரம்புகளையும் சேர்ந்தது. நோயாளிகளுக்கு முதுகில் வலி கண்டது, எடை குறைந்தது. சிகிச்சையைத் தொடர இயலவில்லை.

நீரிழிவினால் பாத நரம்பு சிதைந்தவர்களுக்குத் தோலின்கீழ் ஊசியாக இதைக் கொடுத்த சோதனை இன்னும் போதனை மிக்கது. 250 பேரிடம் நடத்திய முதற்பரிசோதனையில் குணம் தெரிந்தது. உற்சாகத்துடன் 1,019 பேரிடம் 48 வாரங்கள் நடத்திய பெரும்பரிசோதனையில், மருந்தைப் பெற்றவர்களுக்கும் போலி ஊசி பெற்றவர்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை என்ற முடிவு 2000-இல் வெளியாயிற்று. காரணத்தை ஆராய்ந்தவர்கள் ஒரு சங்கடத்தைச் சுட்டினார்கள்: ஊசி போட்ட இடத்தில் இம்மருந்து வலியை உண்டாக்கும், வலிக்கு அஞ்சி அளவைக் குறைத்தால், பலனுக்கு வேண்டிய அளவு நரம்பை எட்டாது, முதற்பரிசோதனையிலோ, வலியைக் கொண்டே தமக்குக் கிடைத்தது உண்மை மருந்து என்று சிலர் ஊகித்திருக்கவும் கூடும். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மடியும் ஏ.எல்.எஸ். நோயில், 1,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு பி.டி.என்.எஃப். ஊசி போட்டுப் பார்த்ததும் இவ்விதமே வீணாயிற்று.

ஊசியை விட்டு, காரணியை உண்டாக்கும் மரபணுவையே மூளைக்குள் வைத்துவிட்டால் என்ன என்று அமெரிக்காவின் சான் டியேகோவில் மார்க் டுஷின்ஸ்கி முதலியோர் யோசித்தார்கள். 2001-இல் தொடங்கிய முதற்பரிசோதனையில் எட்டு நோயாளிகள் கலந்துகொண்டார்கள். பிறகு, தீங்கற்ற வைரஸின் மூலம் மரபணுவைச் செலுத்தும் முறை வந்தது. உயிர்நீத்தவர்களின் மூளையைப் பரிசீலித்தபோது, காரணி எட்டிய இடங்களில் அணுக்கள் பருத்தும் புதுக்கிளை விட்டும் இருந்தது தெரிந்தது. ஆயினும், 49 பேரிடம் போலி அறுவையோடு ஒப்பிட்டு நடத்திய பரிசோதனையில் நினைவு தேறவில்லை என்பது 2018-இல் பிரசுரமாயிற்று. அதன் பின்னர் மூளைகளை ஆராய்ந்து 2020-இல் சொன்ன காரணம் இவ்வரலாறு முழுமைக்குமே ஒரு திறவுகோல் போன்றது: செலுத்திய மரபணு, சேரவேண்டிய அணுக்கூட்டத்தைச் சேரவில்லை. சில மில்லிமீட்டர் தவறியது, மருந்தே இல்லாததற்குச் சமானமாயிற்று.

பார்க்கின்சன் நோயிலும் இதே கதை சற்று மாறி நடந்தது. மூளையின் உள்ளறையில் விட்ட ஜி.டி.என்.எஃப். பயன்படவில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் ஸ்டீவன் கில் என்ற நிபுணர், டோபமைன் வேண்டிய பகுதிக்குள்ளேயே குழாயைச் செருகி ஐந்து பேருக்கு மருந்து செலுத்தியபோது, அவர்கள் தேறியதாக 2003-இல் அறிவித்தார். போலி மருந்தோடு ஒப்பிட்டு 34 பேரிடம் நடத்திய பரிசோதனை அதை உறுதிசெய்யவில்லை. 41 பேரிடம் நடத்தி 2019-இல் முடிவு வெளியான பரிசோதனையிலோ, மூளைப் படங்களில் டோபமைன் நரம்புகள் தெளிவாக உயிர்த்திருந்தும், நோயாளியின் நடமாட்டத்தில் எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை. அணுக்களில் பெரும்பகுதி மடிந்த பிறகு வரும் ஆகாரத்தால், எஞ்சியவை பிழைக்கலாமே தவிர, மாண்டவை மீளா. ஆகவே இடத்தோடு காலமும் கருதவேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள்.

இவற்றையெல்லாம் கோத்துப் பார்த்தால், பல வியாதிகளில் குறைவது காரணியின் உற்பத்தி மட்டுமன்று என்பது புலனாகும். ஹன்டிங்டன் நோயில் மூளையின் உட்பகுதியான ஸ்ட்ரையாட்டம், புறணியிலிருந்து வரும் பி.டி.என்.எஃப்.-ஐ நம்பி வாழ்கிறது. அந்நோய்க்குக் காரணமான புரதம் ஆரோக்கிய நிலையில் அந்த உற்பத்திக்கு உதவுவது என்றும், பழுதுற்றால் அவ்வுதவி நின்றுவிடுகிறது என்றும் மிலான் நகரத்து எலேனா கட்டனேயோவின் குழு 2001-இல் காட்டியது. அல்சைமர் மூளையிலோ முதிராத முன்வடிவம் மிகுந்திருக்கிறது. முதிர்ந்த காரணியை ஏற்று மேலே கொண்டுபோகும் போக்குவரத்து தளர்ந்திருக்கிறது. களஞ்சியத்தில் இருப்பு இருந்தும் வாய்க்கு வந்து சேராத நிலை இது.

வலி என்னும் மறுபுறம்

ஸ்வீடனிலும் நீரிழிவுப் பரிசோதனையிலும் குறுக்கிட்ட வலி, தற்செயலான இடையூறன்று. ஜப்பானின் குமமோட்டோ நகரத்தில் யாசுஹிரோ இண்டோவும் அவருடைய சகாக்களும் 1996-இல் ஓர் அபூர்வ நோயின் மூலத்தைக் கண்டார்கள். பிறவியிலேயே வலி அறியாமலும் வியர்வை காணாமலும் இருக்கும் குழந்தைகளுக்கு, ட்ரக்-ஏ ஏற்பியின் மரபணு பழுதுபட்டிருந்தது. காரணியை ஏற்க இயலாமையால், வலியை உணர்த்தும் நரம்புகளும் வியர்வையைத் தூண்டும் பரிவு நரம்புகளும் கருவிலேயே மடிந்துவிட்டிருந்தன. இக்குழந்தைகள் தம் நாக்கையும் விரலையும் கடித்துக்கொள்வார்கள், எலும்பு முறிந்தது தெரியாமல் நடப்பார்கள், மூட்டுகள் உருக்குலையும். வலியின்மை எத்தகைய துரதிருஷ்டம் என்பதை வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளருக்குப் பணிசெய்த டாக்டர் பால் பிராண்டும் உலகுக்கு உணர்த்தினார். விரல்களும் பாதங்களும் தேய்ந்து அழிவதற்கு, உணர்விழந்த உறுப்பில் நோயாளி அறியாமல் நேரும் காயங்களே பெருங்காரணம் என்று அவர் காட்டினார். தொழுநோய் தாக்கிய தோலில் நரம்பு வளர்ச்சிக் காரணி வெகுவாகக் குறைந்திருப்பது 1994-இல் அறிவிக்கப்பட்டது.

குறைவினால் வலி மறையுமானால், மிகுதியினால் வலி பெருகவேண்டும், அதுவும் உண்மையே. அடிபட்ட இடத்திலும் அழற்சியுற்ற மூட்டிலும் இக்காரணி பெருகி, வலி நரம்புகளைக் கூர்மையாக்குகிறது. ஆகவே அதைப் பிடித்து அடக்கும் எதிர்ப்பொருளை மூட்டுத்தேய்வு வலிக்கு மருந்தாக்கினார்கள். தனெசுமாப் என்ற அம்மருந்து முழங்கால் வலியை அற்புதமாகத் தணித்தது. ஆனால் அதைப் பெற்றவர்களில் சிலருக்கு மூட்டு அதிவேகமாகச் சிதைந்தமையால், 2010-இல் அமெரிக்க அதிகாரிகள் பரிசோதனைகளை நிறுத்திவைத்தார்கள். மீண்டும் தொடர்ந்த பிறகும் ஐயம் தீராமல், 2021-இல் ஆலோசனைக் குழு 19-க்கு 1 என்ற வாக்கில் எதிர்த்தது. அவ்வாண்டே அந்த முயற்சி கைவிடப்பட்டது. அதே தத்துவத்தில் செய்த எதிர்ப்பொருள்கள் மூட்டுவலியுள்ள நாய்களுக்கும் பூனைகளுக்கும் இன்று பல நாடுகளில் வழங்கப்படுகின்றன.

கண்ணில் பலித்த சிகிச்சை

ஒரே ஓர் இடத்தில் இக்காரணி ஐயத்துக்கிடமின்றி மருந்தாகியிருக்கிறது. அது கருவிழியின் ஒளிபுகும் படலம். உடலில் மிக அடர்த்தியாக நரம்பு பாய்ந்த திசு அது. ஹெர்ப்பிஸ் வைரஸாலோ, நீரிழிவாலோ, முகத்துக்குரிய உணர்வு நரம்பு அறுவையில் சேதமுற்றதாலோ அந்த நரம்புகள் செத்தால், படலம் உணர்ச்சியிழந்து, ஆறாத புண்ணாகி, துளைபட்டுப் பார்வையே போகலாம். ரோம் நகரத்தில் ரீட்டாவின் நெடுநாள் சகாவான லூயிஜி அலோவே முதலியோர், எலியின் சுரப்பியிலிருந்து எடுத்த காரணியைச் சொட்டு மருந்தாக விட்டு அத்தகைய புண்களை ஆற்றியதை 1998-இல் பிரசுரித்தார்கள். பிற்பாடு மனிதக் காரணியையே பாக்டீரியாவில் உற்பத்தி செய்து, செனெகெர்மின் என்ற பெயரில் மருந்தாக்கினார்கள். ஐரோப்பாவில் 2017-இலும் அமெரிக்காவில் 2018-இலும் அதற்கு அனுமதி கிடைத்தது. நாளைக்கு ஆறு முறை, எட்டு வாரங்கள் விடவேண்டும். 151 பேர் கலந்துகொண்ட இரு பரிசோதனைகளில், மருந்து பெற்றவர்களில் 70 சதவீதத்தினருக்கும், காரணியற்ற சொட்டைப் பெற்றவர்களில் 28 சதவீதத்தினருக்கும் புண் முழுவதும் ஆறியது. மிகுதியாகக் காணும் பக்கவிளைவு, கண்ணில் வலி. தன் சுபாவத்தை அது இங்கேயும் மறைக்கவில்லை.

2012-ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில், 103 வயதில் காலமான ரீட்டா, இந்த அனுமதியைக் காணவில்லை. மூளையில் தோற்றது கண்ணில் வென்றதற்குக் காரணம் அருளோ அதிருஷ்டமோ அன்று. கண்ணில், பட்டுப்போகும் நரம்பின் நுனி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சொட்டு நேராக அங்கே விழுகிறது. உடலின் மற்ற நரம்புகளை அது போய்ச் சீண்டுவதில்லை. நரம்பின் வேர் இன்னும் சாகாத சமயத்தில் அது வருகிறது. கரு வளர்ச்சியில் அவயவம் நரம்புக்கு எப்படி ஊட்டுகிறதோ, அந்த முறையைச் சிகிச்சையும் இங்கே பின்பற்றியது.

ஆகவே நரம்பு வளர்ச்சிக் காரணிகளை எல்லா நரம்பையும் பலப்படுத்தும் டானிக் என்று கருதுவது பெரும்பிழை. நினைவாற்றலுக்கென்று இவற்றின் பெயரைச் சொல்லி விற்கும் மாத்திரைகளால், வயிற்றில் ஜீரணமாகும் புரதத்தை மூளைக்குக் கொண்டுசெல்ல இயலாது. அதற்கு மாறாக, சக்கரத்தில் ஓடிப் பழகிய எலிகளின் மூளையில் பி.டி.என்.எஃப். இயற்கையாகவே பெருகுவதை 1995-இல் கலிபோர்னியாவில் கண்டிருக்கிறார்கள். தேகப்பயிற்சி பணச்செலவில்லாதது, மற்றக் காரணங்களாலும் நன்மை பயப்பது. மரபணுச் சிகிச்சைக்கான புதிய பரிசோதனைகள் இன்றும் நடந்துவருகின்றன. அவற்றில் சில வெற்றி பெறக்கூடும். அத்தகைய செய்தியைப் படிக்கும்போது வாசகர்கள் கேட்கவேண்டியவை மூன்று: மருந்து எந்த அணுவை, எவ்வளவு துல்லியமாகச் சேர்கிறது? சேரக்கூடாத நரம்பைச் சேராதபடி காப்பது எது? நோயின் எந்தக் கட்டத்தில் அது கொடுக்கப்படுகிறது? இம்மூன்றுக்கும் விடை சொல்லாத செய்தி எத்தனை பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தாலும், அதை நம்பி நோயாளியின் குடும்பம் கைப்பொருளை இழக்கவேண்டியதில்லை.